துளசிமணி வீட்டுக் குழாயில் வந்த பேச்சு

செம்மேட்டுப்பாளையத்துத் தறிக்காரத் தெருவில் துளசிமணி தன் வலது காதை ஆபரேஷனுக்குக் கொடுப்பதென்று முடிவெடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பொடக்காளியில் குழாயைத் திறந்தபோது தண்ணீரோடு சேர்ந்து பேச்சும் வந்தது.

திறந்தவர் அவள் புருஷன் சென்னியப்பன். சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், அன்று வண்டியை நிறுத்திவிட்டு அவளோடு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த தூசியோடு முகம் கழுவக் குனிந்தவர், "துளசி, டீத்தண்ணி இருக்குதா?" என்று தன் குரலே தண்ணீரில் கலந்து வந்து உள்ளங்கையில் விழுவதைக் கேட்டார். அது அவருடைய பழைய குரல், பதினொரு வருஷத்துக்கு முந்தையது, இன்னும் கொஞ்சம் கனமாக, பீடி விடாத காலத்துக் கரகரப்போடு இருந்தது. அதன் பின்னாலேயே, இப்போது ஓசூரில் வேலை பார்க்கும் மகள் தமிழரசி பத்தாம் வகுப்புச் சிறுமியாக, "அம்மா, நான் பாஸாயிட்டேன்" என்று கத்திக்கொண்டு வந்து வாளிக்குள் விழுந்தாள். சென்னியப்பன் குழாயை மூடினார், துண்டால் முகத்தைத் துடைத்தார், உள்ளே போய், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவியின் முன்னால், உதடு தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் நின்றுகொண்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"கொழாயில நம்ம பேச்சு வருது."

"தொட்டி கழுவி எட்டு மாசமாச்சுங்க. ஞாயித்துக்கெழமை ஏறிக் கழுவிப்போடுங்க" என்றாள் துளசிமணி.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாடி ஏறித் தொட்டியைக் கழுவினார். பேச்சு நிற்கவில்லை, முன்னைவிடத் தெளிவாக வந்தது.

துளசிமணிக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இருபது வருஷம் நாலு தறிகளுக்கு நடுவில் நின்று ஓட்டியவள். முப்பத்தைந்தாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்து, பதினேழு நாள் படுக்கையில் கிடந்து, எழுந்தபோது முதலில் பறவைகள் போயிருந்தன, பிறகு வாசல் மணி, பிறகு மனிதர்கள் ஒவ்வொருவராக. காதுக்கு மாட்டுகிற மெஷின் மூன்று மாற்றிப் பார்த்தாள். மூன்றாவது மெஷினும் கடைசியில் வெறும் இரைச்சலை மட்டும் கொண்டுவந்து கொட்டியது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், ரிஸ்வானா என்ற ஆடியாலஜிஸ்ட் பெண், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து மூன்று தடவை சோதித்துவிட்டு, டாக்டரிடம் அழைத்துப்போனாள். காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, உள்ளே நத்தை போலச் சுருண்டிருக்கும் இடத்துக்குள் முடியளவு மெல்லிய கம்பியை விடுவது, வெளியே தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கருவி அந்தக் கம்பிக்குச் சத்தத்தை அனுப்புவது, அதற்குப் பேர் காக்ளியர் இம்ப்ளான்ட் என்று டாக்டர் படம் வரைந்தார். படத்துக்குக் கீழே, மறைக்காமல், இரண்டு விஷயம் எழுதினார்: ஆரம்பத்தில் மனிதக் குரல் மாதிரியே இருக்காது, மாசக்கணக்கில் பழக வேண்டும். வலது காதில் ஒட்டிக்கொண்டிருக்கிற கொஞ்சநஞ்சம் கேட்கும் சக்தியும் போய்விடலாம்.

அந்தக் கொஞ்சநஞ்சம் என்பது தறியின் அடி. மெஷினை முழுசாகக் கூட்டி வைத்தால், அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி, டக், டக் என்று அது மட்டும் கேட்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் துளசிமணி சூலூர் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சூலூர் தாண்டியதும் புருஷன் பக்கம் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும் குரலில், "செஞ்சுக்கறனுங்க" என்றாள்.

அவர் ஏன் என்பது போலக் கையை விரித்தார்.

"பதினொரு வருஷமா எல்லாரும் சிரிச்சு முடிச்ச பொறவு நான் சிரிக்கறேன். போதுமுங்க."

அன்று சாயங்காலம்தான் குழாய் பேச ஆரம்பித்தது.

வந்தது எல்லாம் அவளிடம் சொல்லப்பட்டு அவள் காதில் ஏறாமல் போன பேச்சு. இது தெருவுக்கு மூன்றே நாளில் தெரிந்துபோயிற்று. தெரிந்ததும் தெரு பயந்தது, ஏனென்றால் இந்தப் பதினொரு வருஷத்தில் தறிக்காரத் தெருவில் யாருக்கு நெஞ்சில் என்ன பாரம் இருந்தாலும், காது கேட்காத துளசிமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சுவரிடம் சொல்வது போலச் சொல்லி, எழுந்து போவது வழக்கமாக இருந்தது. மாமியாரைத் திட்டியவர்கள், மருமகளைத் திட்டியவர்கள், கல்யாணத்துக்கு முன்னால் வேறொருவரை நினைத்திருந்தவர்கள், எல்லோரும் இப்போது விடிந்ததும் விடியாததுமாகக் குடத்தோடு பொடக்காளிக் கதவைத் தட்டினார்கள். ஊரையே அதட்டும் தறிமுதலாளி வேலுச்சாமி, "எனக்கு இருட்டுன்னா பயம் துளசி, லைட்டை அணைச்சாத் தூக்கம் வரமாட்டீங்குது" என்று குழாயிலிருந்து குழந்தையைப் போலச் சொன்னதை ஏழு பெண்கள் கேட்டார்கள். ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் பிடித்தார்கள். அடுத்த நாளிலிருந்து அவர் அதட்டும்போது யாருக்கும் கோபம் வரவில்லை, அவருக்கும் அதட்ட அவ்வளவாகத் தோன்றவில்லை. பத்து வருஷமாக முகம் பார்க்காத இரண்டு ஓரகத்திகள், ஒருத்தியைப் பற்றி மற்றவள் துளசிமணியிடம் நல்லபடியாகச் சொல்லியிருந்ததை ஒரே காலையில் கேட்டுவிட்டு, குடத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்று மறுபடியும் சண்டை போட்டார்கள், இத்தனை நாளாக ஏன் நேரில் சொல்லவில்லை என்று.

இரண்டாவது வாரம் தெரு இதற்குப் பழகிவிட்டது. குழாய்க்காரர் வந்து வாஷரைக் கழற்றிப் பார்த்து, வாஷர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போனார். பேரூராட்சியிலிருந்து ஒருவர் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப்போய்ச் சோதித்து, உப்பு கொஞ்சம் அதிகம், குடிக்கலாம் என்று எழுதி அனுப்பினார். காலையில் பெண்கள், தறியில் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆண்கள், அவரவர் பேச்சை அவரவர் பிடித்துக்கொள்ளலாம், அடுத்தவர் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு உண்டாயிற்று. பிடித்த தண்ணீரில் பேச்சு மூன்று நாள் தங்கும், மூடி போட்டு வைத்தால் இன்னும் கொஞ்ச நாள். அதில் உலை வைத்தால் சோறு கொதிக்கும்போது முணுமுணுக்கும், துணி துவைத்தால் கொடியில் காயும்வரை சட்டை பேசும், டீ போட்டால் மட்டும் பேச்சு எடுபடுவதில்லை என்பதெல்லாம் தெருவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

இதெல்லாம் வீட்டுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது, வீட்டுக்கு முன்னால் துளசிமணி ஆபரேஷனுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தமிழரசி ஓசூரிலிருந்து செல்போனில் எழுதி அனுப்பிய பட்டியலைத் தாளில் எழுதி அவள் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள். தலையை ஸ்கேன் எடுத்தாள். மூளைக்காய்ச்சல் வராமலிருக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டாள், இரண்டு நாள் கை தூக்க முடியவில்லை. காதுக்குப் பின்னால் எவ்வளவு முடி எடுப்பார்கள் என்று ரிஸ்வானாவிடம் கேட்டாள், ரிஸ்வானா இரண்டு விரலைக் காட்டினாள், "அவ்வளவுதானா? நான் மொட்டைக்கே தயாராயிட்டேன்" என்றாள் துளசிமணி. வேலை இல்லாத ஒரு மத்தியானம் தறிக்கூடத்துக்குப் போய், மெஷினைக் காதிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஓடுகிற தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். வெளியே வந்து புருஷனிடம், "அது கைக்கே கேக்குதுங்க. காதுல போனாப் போகுது" என்றாள். அதற்கப்புறம் அந்தக் கொஞ்சநஞ்சத்தைப் பற்றி அவள் பேசவில்லை.

தேதி குறித்தாயிற்று, ஆவணி மாசம் நாலாம் வியாழன். தேதி தெரிந்த அன்றைக்குத்தான் தெருவுக்கு ஒரு கணக்கு உறைத்தது. கேட்காமல் போன பேச்சுதானே குழாயில் வருகிறது, அவளுக்கே கேட்க ஆரம்பித்துவிட்டால்?

விசைத்தறிச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். துளசிமணியை முன்வரிசையில் உட்காரவைத்து, கவுன்சிலர் மோகனசுந்தரம் எழுந்து, மைக்கைப் பிடித்தார்.

"மைக் வேண்டாமுங்க, உதடு மறையுது" என்றாள் துளசிமணி.

அவர் மைக்கை இறக்கினார். "இல்லீங்க, நாங்க வேண்டாம்னு சொல்லலை. ஆறு மாசம் தள்ளிப்போட்டா என்னங்க? பதினொரு வருஷம் பொறுத்தவங்க. ஊரு ஒண்ணா இருக்குது இப்ப. பாருங்க, சண்டை சச்சரவு இல்லை. எல்லாம் உங்க கொழாய்னாலதான்."

துளசிமணி எழுந்து திரும்பி, எல்லோர் முகமும் தெரிகிற மாதிரி நின்றாள்.

"எனக்குச் சொன்னதை எல்லாரும் கேக்கறீங்க. நல்லாக் கேளுங்க, எனக்கு வருத்தமே இல்லை. அதுல எனக்கு ஒரு பங்கு கூட வேண்டாம். ஆனா இனிமே எங்கிட்டச் சொல்றதை எனக்குக் கேக்கோணும். அதைக் கொழாய்ல விடறதுக்கு நான் ஆளில்லைங்க."

உட்கார்ந்தாள். வேலுச்சாமி முதலாளி, பின்வரிசையிலிருந்து, "அவங்க காது, அவங்க இஷ்டம்" என்றார். கூட்டம் கலைந்தது. தெருவில் நாலு பேர் இரண்டு நாள் அவளைப் பார்த்து முகம் திருப்பினார்கள். அவள் அவர்களையும் கூப்பிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

கூட்டத்துக்கு வராதவள் எதிர்வீட்டு ராமாத்தாள் ஒருத்திதான். அவள் மகன் திருமூர்த்தி, தறி ஃபிட்டர், இருபத்தேழு வயதில், இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மாலை பல்லடம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனவன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் துளசிமணி வாசலில் நின்று, கேட்காது என்று தெரிந்தும், "அக்கா" என்று தொடங்கி எதையாவது சொல்லிவிட்டுப் போகிற பழக்கம் அவனுக்கு. அதனால் குழாயில் புருஷன் பேச்சுக்கும் மகள் பேச்சுக்கும் அடுத்தபடியாக அதிகம் வந்தது அவன் பேச்சுதான். ராமாத்தாள் தினமும் மூடி போட்ட ஒரு தூக்குப்போசியோடு வருவாள், வரிசையில் நிற்பாள், அவன் குரல் வந்தால் பிடித்து மூடிக்கொண்டு போவாள், வராவிட்டால் வெறும் தூக்கோடு போவாள். யாரும் அவளை முந்தியதில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் மத்தியானம் அவள் முன்வாசல் வழியாக வந்தாள். தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு துளசிமணிக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அம்மிணி, உனக்கு நல்லது நடக்கறதைத் தடுக்கறவ இல்லை நானு. ஒரே ஒரு வருஷம். எனக்காவ."

துளசிமணி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் பேச்சு நெறையாப் பிடிச்சுட்டீங்களே அக்கா. இன்னும் என்ன வரோணும்?"

ராமாத்தாள் தூக்கின் மூடியை விரலால் தடவினாள். பிறகு, இத்தனை நாளாக யாருக்கும் காட்டாததைக் காட்டுகிறவள் போல, மூடியைத் திறந்தாள். உள்ளேயிருந்து திருமூர்த்தியின் குரல், கடுகடுவென்று, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது: "எங்கம்மா மொகத்துலயே இனி முழிக்கமாட்டேன். சோறும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." அவள் மூடினாள்.

துளசிமணிக்குக் கேட்கவில்லை. ராமாத்தாள் அதை ஒவ்வொரு சொல்லாகத் தன் வாயால் சொல்லிக் காட்டினாள். சொல்லி முடிக்கும்போது அவள் உதடு கோணியது.

"அன்னிக்குக் காலைல நானும் அவனும் சண்டை. பொண்ணு பார்க்கப் போலாம்னேன், வேண்டாம்னான். அன்னிக்குத்தான் அம்மிணி அவன் போனது. இப்பிடிச் சொல்லிப்போட்டுப் போயிருக்கறான். இதுக்குப் பின்னால ஏதாச்சும் சொல்லியிருப்பான். ஒரு சொல்லு. மனசு மாறி ஒரு சொல்லு. அது வர்ற வரைக்கும் கொழாய் நிக்கக்கூடாது."

துளசிமணி கண்ணை மூடினாள். திறந்தபோது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"அன்னிக்கு ஊதாச் சட்டை" என்றாள். "சைக்கிளை இந்தத் தூண்ல சாச்சுப்போட்டு வந்தான். மொதல்ல உங்களை மாதிரி இடுப்புல கையை வெச்சான். கையில அகப்பை இருக்கற மாதிரி இப்பிடி ஆட்டுனான். கண்ணை உருட்டுனான், நீங்க உருட்டற மாதிரியே. பொறவு இந்தப் பக்கம் தள்ளி நின்னு, தன்னை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சு, ‘எங்கம்மா மொகத்துலயே முழிக்கமாட்டேன், சோறு வேண்டாம்’னான். அப்ப உதட்டைப் படிச்சேன் நான். சொல்லி முடிக்க முடியலை அவனால. சிரிப்பு வந்து குனிஞ்சுட்டான். கண்ணுல தண்ணி. சட்டைக் கையில துடைச்சான்."

ராமாத்தாள் தூக்குப்போசியை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"நடிச்சுக் காட்டுனானக்கா. உங்களையும் நடிச்சான், அவனையும் நடிச்சான். பொறவு சைக்கிள் கூடையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் காட்டுனான். நீங்க கட்டிக் குடுத்ததை எடுத்துட்டுத்தான் போனான். நீல மூடி டப்பா."

"நீல மூடி" என்றாள் ராமாத்தாள். "நான் கூடையில வெச்சேன். எடுத்து வெளிய வெச்சிருப்பான்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில குடுத்த சாமான்ல டப்பா இல்லை."

"வெளிய வெக்கலை. தட்டிக் காட்டுனான், இப்பிடி."

"நெசமாவா அம்மிணி? என்ற மனசு ஆறட்டும்னு சொல்றயா?"

"நான் பொய் சொன்னா என்ற குரல் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாது. ஆனா மொகம் உங்களுக்குத் தெரியுமில்ல. பாருங்க."

ராமாத்தாள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள், அழுகைக்கு நடுவிலேயே ஒரு தடவை சிரித்தாள், அகப்பையை அவன் எப்படி ஆட்டினான் என்று மறுபடியும் செய்து காட்டச் சொன்னாள். துளசிமணி எழுந்து நின்று, இடுப்பில் கை வைத்து, செய்து காட்டினாள். அந்த மத்தியானம் முழுக்க, ராமாத்தாள் வீட்டில் மூடி வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, அவன் சொன்னதைச் சொல்லச் சொல்ல, துளசிமணி அவன் முகத்தைச் சொன்னாள்: இதைச் சொன்னபோது மூக்கில் எண்ணெய்க் கறை, இதைச் சொன்னபோது கொட்டாவி, இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவே இல்லை, தெருமுனையில் போன ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்தப் பொண்ணு?" என்று ராமாத்தாள் நிமிர்ந்தாள்.

"அது வேண்டாமுங்கக்கா. இப்பக் கல்யாணமாகிக் கொழந்தை இருக்குது."

கிளம்பும்போது ராமாத்தாள் வாசலில் நின்று திரும்பி, உதடு நன்றாகத் தெரிகிற மாதிரி, "போயிட்டு வா. நல்லபடியாப் பண்ணிட்டு வா" என்றாள்.

புதன்கிழமை பஸ் ஏறும்போது தெருவே வந்து நின்றது. முகம் திருப்பிய நாலு பேரும் வந்தார்கள். வேலுச்சாமி முதலாளி ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். வியாழக்கிழமை காலையில் பச்சைக் கவுன் மாட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்கு முடியை எடுத்தார்கள். துளசிமணி மெஷினைக் கழற்றி, ஓசூரிலிருந்து வந்திருந்த தமிழரசி கையில் கொடுத்தாள். சென்னியப்பன் தள்ளுவண்டியோடு கதவு வரை நடந்து வந்தார், ஏதோ சொன்னார், வண்டி திரும்பியதால் அவளுக்கு உதடு தெரியவில்லை. "வந்து கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே, மூக்கின் மேல் மயக்க மருந்து மூடியை வைத்து, பத்து விரலைக் காட்டி எண்ணச் சொன்னார்கள். அவள் நாலு எண்ணினாள்.

அன்று பத்தரை மணிக்குச் செம்மேட்டுப்பாளையத்தில் குழாய் நின்றது. தண்ணீர் வந்தது, பேச்சு வரவில்லை. வரிசையில் நின்றவர்கள் குடத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்கள், மெதுவாக வைத்தார்கள், "உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க போல" என்று ஒருத்தி சொன்னாள், எல்லோரும் துளசிமணிக்காகக் கைகூப்பினார்கள். வீடுகளில் இருந்த பாத்திரங்கள் இரண்டொரு நாளில் ஒவ்வொன்றாக அடங்கின. ராமாத்தாள் மட்டும் அதுவரை காத்திருக்கவில்லை. தூக்குப்போசியை எடுத்து, மூடியைத் திறந்து, மகன் பல்லைக் கடித்துக்கொண்டு நடிக்கிற நடிப்பைக் கடைசியாக ஒருமுறை கேட்டு, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். பிறகு உலை வைக்கப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, தையல் ஆறிய பிறகு, ரிஸ்வானா கருவியை மாட்டி இணைத்தாள். வந்தது குரல் இல்லை. தகரத்தின் மேல் கிளி நடக்கிற மாதிரி ஒரு கீச்சு, அதன் மேல் இன்னொரு கீச்சு. சென்னியப்பன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் பேசினார், ஐந்து நிமிஷமும் கிளி நடந்தது. அவர் முகம் வாடியது. துளசிமணி வாடவில்லை. "டாக்டர் எழுதிக் குடுத்ததுதானுங்க, இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னாள். வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல, நாளுக்கு நாலு வேளை உட்கார்ந்தாள். சென்னியப்பன் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று செய்தித்தாள் படிக்க, அவள் கேட்டதைத் திருப்பிச் சொல்ல, நூற்றில் பத்து சரியாக வந்தது, பிறகு முப்பது, பிறகு ஒரு காலையில் அவர் படிக்காமல், "வலிக்குதா?" என்று கேட்டபோது, அவள் திரும்பாமலே, "இல்லீங்க" என்றாள்.

கார்த்திகை மாசம் ஒரு பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரம், மேஜை மேலிருந்த செல்போன் அடித்தது. அது அடிப்பதைத் துளசிமணி சமையலறையிலிருந்து கேட்டாள். வந்து, ஈரக் கையைத் துடைத்து, தலையில் ஒட்டியிருந்த கருவியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"ஹலோ, அலமேலுங்களா?" என்றது ஒரு பெண் குரல். உதடு இல்லை, முகம் இல்லை, குரல் மட்டும்.

"இல்லீங்க, நான் துளசிமணி. தப்பான நம்பருங்க."

"அய்யோ, மன்னிச்சுக்குங்க, வெச்சுடறேன்."

"வெச்சுடாதீங்க, வெச்சுடாதீங்க" என்றாள் துளசிமணி அவசரமாக. "உங்க வீட்டுல இன்னிக்கு என்ன சமையலுங்க?"

அந்தப் பக்கமிருந்து, தயங்கித் தயங்கி, "புளிச்சக்கீரைங்க" என்று வந்தது.

துளசிமணி காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பூண்டு போட்டுங்களா, போடாமலுங்களா?"